கதவுக்குச் செலவான காற்று

விறகு வண்டியொன்று எங்கள் தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரையின் காரை உரசிவிட்டது. இடது பக்கக் கதவில் ஒரு முழ நீளத்துக்குப் பெயிண்ட் போயிருந்தது. அண்ணன் அப்போது தோட்டத்துத் தொழிற்சாலையில் இன்ஜினை இயக்கும் டிரைவர். "கொழும்புக்கு அனுப்ப வேணாங்க தொரை, என் தங்கச்சி படிச்சவ, அவளே அடிச்சிருவா" என்று அவர் சொல்லிவிட்டு வந்தார்.

நான் படித்தது இயந்திர வரைபடம். படிப்பு முடிந்து ஆறு மாதம் கொழும்பில் ஒரு கார்ப் பட்டறையில் இருந்தேன். அங்கே பெயிண்ட் துப்பாக்கிகளைக் கழற்றிக் கழுவிப் பூட்டியிருக்கிறேன், பழைய தகரங்களில் அடித்தும் பார்த்திருக்கிறேன். முழுக் கதவு அடித்ததில்லை. இதை அண்ணனிடம் சொன்னபோது, "தொரைகிட்டச் சொல்லியாச்சே" என்றார்.

எனக்குப் பயம் வந்தால் பட்டியல் போடுவேன். அன்றிரவே போட்டேன். துப்பாக்கி, ரப்பர் ஹோஸ், காற்றழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டர், காற்றிலுள்ள தண்ணீரைப் பிடிக்கும் வடிகட்டி, மரை பொருந்தும் நிப்பிள் இரண்டு, கிளிப் நான்கு. காற்றுக்குத் தனி இயந்திரம் வாங்க வழியில்லை. ஆனால் தொழிற்சாலையின் பெரிய டீசல் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுவதே காற்றால்தான். அதற்கென்று ஆளுயர இரும்புச் சிலிண்டர் ஒன்று, இருநூறு பவுண்டு அழுத்தத்தில் நிற்கும். துப்பாக்கிக்கு நாற்பது போதும். பட்டியலில் காற்று என்ற வரிக்குச் சரி போட்டேன். சிலிண்டரிலிருந்து காற்றெடுக்க அண்ணன் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

ஹட்டன் டவுனில், நானா என்று நாங்கள் அழைக்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவரின் இரும்புக் கடையில் இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று மேலே சின்னக் கப் வைத்தது, மெல்லிய துவாரம். மற்றது கீழே பெரிய கப், அகலமாக விசிறும். இரண்டையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தேன்.

"என்ன மகள், கலியாணத்துக்கு நகை பாக்கிற மாதிரிப் பாக்கிறீங்க?"

"பனி வாறதுக்குள்ள அடிச்சு முடிக்கணும் நானா. ஈரம் பட்டா பெயிண்ட் வெள்ளை பூத்துரும்."

"அப்ப பெரிசு வெரசா முடிக்கும். ஆனா காத்தக் குடிக்கும், சொல்லிட்டேன்."

"காத்து நெறைய இருக்கு" என்று பெரியதையே வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, தொழிற்சாலை வாசலில் காரை நிறுத்தித் தொடங்கினோம். ஞாயிறு என்றால் இன்ஜின் நிற்கும், மாடியில் வாடப்போட்ட தேயிலைக் கொழுந்து இருக்காது. தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும், பெயிண்டைக் கரைக்கும் தின்னரின் வாடை ஏறினால் ஒரு நாள் தூள் முழுவதும் வீண். அதையும் பட்டியலில் எழுதியிருந்தேன். கார்க் கண்ணாடிகளைத் தேயிலைப் பெட்டிக்குள் போடும் ஈயத்தாளால் மூடினேன். முதல் பூச்சு நன்றாக விழுந்தது. இரண்டாவதும். மூன்றாவது முடியும்போது விசிறல் சுருங்கி, பெயிண்ட் பொட்டுப் பொட்டாக வந்தது. நாசிலில் பெயிண்ட் அடைத்திருந்தது. துடைக்கத் துணி எடுக்கத் திரும்பியபோதுதான் பார்த்தேன்.

சிலிண்டரின் முள் தொண்ணூறில் நின்றது.

அண்ணன் ஓடிவந்து வால்வை மூடினார்.

"நூத்தம்பதுக்குக் கீழ போனா இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது" என்றார்.

"காத்தத் திரும்ப எப்படி ஏத்துறது?"

"இன்ஜின் ஓடினா அதுவே ஏத்திக்கும்."

இன்ஜின் ஓடக் காற்று வேண்டும். காற்றுக்கு இன்ஜின் ஓட வேண்டும். திங்கள் கொழுந்து வந்து மாடியில் கிடந்து கருகும். அழுத்தம் எவ்வளவு என்று எழுதிய நான், எவ்வளவு நேரத்துக்கு என்று எழுதவில்லை. அண்ணனுக்கு வேலை போனால், தொழிலாளர் லயத்தில் குடியிருக்கும் ஒற்றை அறைக் காம்பராவும் போகும். அண்ணிக்கு ஏழாம் மாதம். துப்பாக்கியைக் கீழே வைத்தேன்.

"உன் லிஸ்ட்டுல என் பேரையும் எழுதிக்க," என்றார் அண்ணன், "வேலை போனவன்னு."

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். ரொம்பக் குளிரும் காலைகளில் இன்ஜினைச் சுற்றியுள்ள தண்ணீர் அறையில் வெந்நீர் ஊற்றினால் அது சிரமமில்லாமல் சுழலும். தொண்ணூறு பவுண்டில் யாரும் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்ததில்லை. இருக்கும் காற்று ஒரே தடவைக்குத்தான். அண்ணி என்ன ஏது என்று கேட்காமல் அடுப்பு மூட்டினாள். மண்ணெண்ணெய் டின்களில் வெந்நீரை நானும் அண்ணனும் லயத்திலிருந்து சுமந்தோம். பதினெட்டு டின் எண்ணினேன். எதிர்மலையில் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. கதவைப் பற்றி நான் நினைக்கவேயில்லை.

அண்ணன் பெரிய சக்கரத்தைக் கடப்பாரையால் நெம்பி, ஸ்டார்ட் பண்ணுவதற்கான அடையாளக் கோட்டுக்குக் கொண்டுவந்தார். சூடு ஏறிவிட்டதா என்று இரும்பைத் தொட்டுப் பார்த்தார். "தள்ளி நில்லு" என்று வால்வைத் திறந்தார்.

சீறல். சக்கரம் அரைச் சுற்று வந்து தயங்கியது. முள் சரசரவென்று இறங்கியது. நாற்பது. முப்பது. சக்கரம் மேடேறுவதுபோல் மெதுவாக மேலே வந்து, மறுபக்கம் உருண்டது. இன்ஜின் ஒரு முறை இருமியது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு முறை, அதன் பின் தொடர்ந்து, தரை அதிர.

நான் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார், அது இருநூறு தொடும் வரை.

வெளியே வந்தால் இன்ஜினின் முதல் புகை கக்கிய கரி, ஈரக் கதவில் மிளகுத்தூள் தூவியதுபோல் ஒட்டியிருந்தது. இரண்டு நாள் காயவிட்டு, ஈர உப்புத்தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டு எடுத்தேன். புதன்கிழமை துரை கதவில் விரலை ஓட்டிப் பார்த்தார். நல்லாயிருக்கிறதாம். மற்ற மூன்று கதவுகளையும் எப்போது அடிக்கலாம் என்று கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"இன்ஜின் ஓடும்போதுதாங்க காத்து எடுக்க முடியும்," என்றேன். "அப்போ கார் தொழிற்சாலைப் பக்கம் நிக்கக்கூடாது, தேயிலையில தின்னர் வாடை ஏறிரும். முதல்ல எனக்கு நீளமான ஹோஸ் வேணும்."

"எவ்வளவு நீளம்?" என்றார் துரை.

அது என் பட்டியலில் இல்லை. அளந்து சொல்வதாகச் சொன்னேன்.