காந்தத்தில் ஒட்டாத தூள்

ஷபீர் சார் இறந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகத்தான் திருப்பத்தூருக்குப் போன் செய்தேன். மகன் எடுத்தார். "அத்தா முந்தாநேத்து போய்ட்டாருங்க." அடக்கமும் முடிந்திருந்தது. ஓராண்டு பேசாமல் இருந்துவிட்டு நல்ல செய்தியோடு கூப்பிட்டால் ஆள் இல்லை. அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது.

பாலிடெக்னிக்கில் அவரிடம் உலோகவியல் படித்த உங்களுக்கு அவரைத் தெரியும். நான் எங்கும் படிக்காதவன். நெல்லிவாசல் பக்கம் சாமை உமி நீக்கும் மெஷின்களைப் பழுது பார்ப்பவன். மெஷினின் தண்டு சுழலும் வெண்கலப் புஷ், கடையில் வாங்கினால் ஒரு பருவம்கூடத் தாங்காததால் நானே செய்யத் துணிந்தேன். செம்புத்தூள், வெள்ளீயத்தூள், பழைய பேரிங் குண்டுகள் எல்லாவற்றையும் இரும்பு உருளையில் போட்டு மூன்று நாள் நிறுத்தாமல் சுழற்றினேன். அந்தத் தூளை அச்சில் அழுத்திச் சுட்டேன். புஷ் கெட்டியாகத்தான் வந்தது. ஆனால் மெஷினின் தண்டைக் கீறியது. தண்டுதான் மட்டமான சரக்கு என்று சாதித்தேன்.

யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, சார் ஷேர் ஜீப்பில் மலையேறி வந்தார். பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து என் தூளில் வைத்தார். தூள் ஒட்டி, தாடி முளைத்ததுபோல் வெளியே வந்தது.

"அண்ணே, குண்டும் உருளையும் தேஞ்சு உள்ள கலந்துகிச்சு. வெண்கலத்துல இரும்புக்கு இன்னா வேலை?"

"மூணு நாள் ஓட்டுனதுக்கு இதான் பேச்சா சார்?"

"மூணு நாள் ஓட்டுனதாலதாங்க இந்தப் பேச்சு."

பிறகு சுடாத தூளையும் வெட்டிய புஷ்ஷையும் மெருகேற்றி, கல்லூரி மைக்ராஸ்கோப்பில் காட்டினார். "குண்டு அடிக்க அடிக்கத் தூள் தட்டையாவுது, ஒட்டுது, உடையுது, மறுபடி ஒட்டுது. உலோகத்துக்குள்ள இருக்கிற மணி சின்னதாய்ட்டே போவுது. அதான் பலம். நீங்க ஓவரா சுட்டு அத்தனையும் பெருசாக்கிட்டீங்க." சுடுவதற்கு முன் கேழ்வரகு போல, சுட்ட பிறகு புளியங்கொட்டை போல. கண்ணால் பார்த்தேன். ஆனாலும், "நெருப்பப் பத்தி எனக்கே சொல்றீங்களா?" என்று எழுந்துவிட்டேன். அவர் காந்தத்தை என் சட்டைப் பையில் போட்டார். "குண்டு, உருளையோட உள்பக்கம், ரெண்டும் வெண்கலமா மாத்துங்க. ஒட்டாத அன்னிக்கு ஒரு போன் பண்ணுங்க, வர்றேன்."

அவர் சொன்னார் என்பதற்காகவே ஓராண்டு மாற்றவில்லை. கடைசியில் மாற்றினேன். சூட்டையும் குறைத்தேன். காந்தம் வெறுமையாக வெளியே வந்த அன்றைக்குத்தான் போன் செய்தேன்.

அந்தத் தூளில் செய்த புஷ் இப்போது ஓடுகிறது. தண்டில் கீறல் இல்லை. சூட்டை இன்னும் குறைக்கலாமா என்று வெட்டிப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. காந்தத்தை அவர் மகன் கேட்டாலும் தரமாட்டேன். உருளையைத் திறக்கும்போதெல்லாம் வைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் ஒட்டுவதில்லை. வருகிறேன் என்று சொன்னவர்தான் வரவில்லை.