குன்னூர் டைரியில் இல்லாத வெயில்

நான் தேயிலை ஃபாக்டரியில் கிளார்க். தனியார் கல்லூரிக் கட்டணம் என் சம்பளத்துக்கு எட்டாது. மகள் திவ்யா நுழைவுத் தேர்வில் தேறினால்தான் அரசுக் கல்லூரியில் படிக்க முடியும். தேர்வு மே மாதப் பிற்பகலில், கோவையில். ஹால்டிக்கெட், புகைப்படம் எல்லாவற்றையும் இருமுறை சரிபார்த்து, அன்று காலைதான் குன்னூரிலிருந்து பஸ்ஸில் அழைத்துப் போனேன்.

பாதித் தேர்வில் அவளுக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

"தலை சுத்தி, கேள்வியே கண்ணுக்குத் தெரியலைங்கப்பா" என்று வெளியே வந்து அழுதாள்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "இங்கத்த குளிரைத் தினமும் டைரியில எழுதறீங்களே, கீழ வெயில் கொளுத்தும்னு தோணலீங்களா?"

தோன்றவில்லை. இடமும் கிடைக்கவில்லை. தோழிகள் கல்லூரிக்குக் கிளம்பிய நாளில் திவ்யா சாப்பிடவே இல்லை.

இந்த ஆண்டு மீண்டும் தேர்வு எழுதுகிறாள். வெயில் பழகட்டும் என்று இம்முறை இரண்டு வாரம் முன்பே, மலையடிவாரத்தில் மேட்டுப்பாளையத்திலுள்ள என் தங்கை வீட்டுக்கு அவளை அனுப்பிவிட்டேன். தினமும் உச்சி வெயிலில் மாதிரித் தேர்வு எழுதுகிறாள். குன்னூர்க் குளிருக்குப் பக்கத்தில் அந்த ஊர் வெயிலையும் டைரியில் குறித்து வருகிறேன்.