தூங்கும் தண்ணீர்

கடலில் எந்த இடத்தில் இறங்கலாம்? அலை இல்லாத இடத்தில்தானே... போன ஞாயிற்றுக்கிழமை வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மாமல்லபுரம் போயிருந்தோம் - நான், என் மனைவியின் அண்ணன் சேகர், இன்ஜினீயரிங் படிக்கும் அவர் மகள் யாழினி. சேகர் செங்கல்பட்டுக்காரர், கொளவாய் ஏரியில் நீந்தி வளர்ந்தவர். ஏரிக்காரர்களுக்குத் தண்ணீர் அசையாமல் இருந்தால் போதும், நம்பிவிடுவார்கள். இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் சாதுவாகக் கிடந்தது.

“தண்ணி எப்டி தூங்கிகினு கீது பாரு. இங்கதான் எறங்கணும்” என்று இறங்கிவிட்டார்.

யாழினிக்கு மட்டும் சந்தேகம். அலை ஓயாமல் தண்ணீரைக் கரைக்குத் தள்ளுகிறதே, அதெல்லாம் எந்த வழியாகத் திரும்புகிறது என்று என்னைக் கேட்டாள். எனக்கென்ன தெரியும்? கரையில் கிடந்த தேங்காய் மட்டையை எடுத்து அந்தப் பட்டையில் வீசினாள். அது கரைக்கு வரவில்லை, கடலுக்குள் போனது. பின்னாலேயே சேகரும்...

அவர் கரையைப் பார்த்து மூச்சுமுட்ட நீந்துகிறார், தள்ளித் தள்ளியே போகிறார்.

“கரைய பாத்து நீந்தாதப்பா. சைடுல வா, சைடுல” என்று யாழினி கத்தினாள்.

மகள் சொல்லி எதையுமே கேட்காத மனிதர், அன்று கேட்டார். பக்கத்து அலை அவரைப் புரட்டியெடுத்துக் கரையில் போட்டது.

அப்புறம்தான் விளக்கினாள். வந்த தண்ணீர் நடுவில் காணாமல் போக முடியாது, திரும்பியாக வேண்டும் - பொருண்மை அழியா விதியாம், இரண்டே வரிச் சமன்பாடாம். பள்ளமான வழி கிடைத்தால் அதில் நெருக்கியடித்து ஓடும். வழி குறுகினால் வேகம் கூடும். பள்ளத்தில் அலை சரியாக உடையாது, அதனால்தான் அந்த அமைதி. ஓடும் விசையோடு மல்லுக்கட்டினால் நாம்தான் தோற்போம். ஆனால் ஓட்டத்தின் அகலம் கொஞ்சம்தான், பக்கவாட்டில் விலகினால் பிழைக்கலாம்.

அந்த இரண்டு வரிக்குள் இவ்வளவு இருக்கிறதா? எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. என்ன பாடம் என்று கேட்டேன். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ். போன செமஸ்டரில் அம்மணி அரியர் வைத்த பேப்பர்!

சேகர் இருமிக்கொண்டே கேட்டார்: “இத்தெல்லாம் ஏன் பரீட்சையில எழுதல?”

அவர் தலையைத் துவட்டியபடி சொன்னாள்.

“கொஸ்டின் பேப்பர்ல நீ இல்லியேப்பா.”