மூன்று விரல் அகலம்

மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, பற்களுக்கு நடுவே நுழைத்துக் காட்டினால்தான் டோரதி ஜெர்சியைக் கொடுப்பாள். ஞாயிறு காலை பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுன் கால்பந்து மைதானத்தில் பதினோரு பேரும் வரிசையில் நின்று வாயைத் திறப்பார்கள்.

"மாதா கோயில்ல நன்மை அப்பம் வாங்க நிக்கற மாதிரி இருக்குதுக்கா" என்பான் சீனு.

"அங்க நாக்கை நீட்டினா போதும். இங்க விரல் போவணும்."

விரல் போகாதவனுக்கு டாக்டர் பார்க்கும்வரை ஆட்டமில்லை. சீனுவே இரண்டு ஞாயிறு வெளியே உட்கார்ந்திருக்கிறான்.

பல் ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கழுவிக் கொதிக்கவைப்பது அவள் பிழைப்பு. கிளப்புக்கு ஜெர்சி துவைப்பதும் எலுமிச்சை நறுக்குவதும் சம்பளமில்லாத வேலை. குட்காவை அடக்கி அடக்கிக் கன்னத்தின் உட்சதை கயிறாக இறுகி, வாய் சுருங்கிப்போனவர்களைத் தினமும் பார்க்கிறாள். "இருபத்திநாலு வயசு. இட்லியக் கரைச்சு ஸ்ட்ரால உறிஞ்சறான். அவனும் லெஃப்ட் அவுட் ஆடினவன்தான்" என்று சொல்லும்போது எலுமிச்சம்பழம் தேவைக்கு மேல் துண்டாகும்.

இந்த வருஷம் கோப்பையே ஒரு குட்கா கம்பெனியுடையது. கிளப் செயலாளர் கோவிந்தப்பா பிடித்துவந்தது. புது ஜெர்சியின் நெஞ்சில் கம்பெனிப் பெயர். மடிப்புக்குள் ஆளுக்கு இரண்டு பாக்கெட் இலவசம். பாக்கெட்டுகளைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து பெயரின்மேல் ஒட்டுத்துணி வைத்துத் தைத்தாள். "மூச்சிரைக்க ஓடறவன் வாயில இத வைக்கறவனுக்கு, கப்பு குடுக்க என்னா யோக்கியதை?" ஊரே மெல்கிறது என்று கோவிந்தப்பா சிரித்தார்.

இறுதி ஆட்டத்தன்று வரிசையில் கடைசியாக நின்றான் கோல்கீப்பர் அல்போன்ஸ். அவளுடைய தம்பி. வேறு கீப்பர் கிடையாது. ஒரு மாதமாக, நேரம் கழித்து வந்து, பையிலிருந்து தானே ஜெர்சியை உருவிக்கொண்டு ஓடியவன்.

இரண்டு விரல் போனது. மூன்றாவது பல்லில் இடித்தது. தள்ளிப் பார்த்தான், கண்ணில் நீர் கட்டியது.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர்றேன்க்கா. இன்னிக்கு விடு."

"எத்தினி நாளா காரம் சாப்பிட முடியல ஒனக்கு?"

அவன் ஜெர்சிக்காகக் கையை நீட்டினான்.

கோவிந்தப்பா ஓடிவந்தார். "ஆயித்தும்மா, ஆயித்து, நீ சொல்றது சரிதான். கம்பெனிக்காரங்க பார்த்துனு இருக்காங்க. கப்பு முடியட்டும், நானே கூட்டினு போறேன்."

ரெஃப்ரி விசில் ஊதினார். அல்போன்ஸ் கையை நீட்டியபடியே நின்றான்.

டோரதி ஒன்றாம் எண் ஜெர்சியை நான்காக மடித்தாள். பெஞ்சில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.