தெரிஞ்ச ஒராளுக்கு

வெள்ளவத்தையில் யாரும் தனக்கென்று ஆலோசனை கேட்கமாட்டார்கள். மூலவருத்தத்துக்கு எந்த டொக்டர் நல்லவர், இருக்கிற வேலையை விடலாமா, குளியலறைக் குழாய் ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது, எதுவானாலும் "எனக்குத் தெரிஞ்ச ஒராளுக்கு" என்றுதான் கதை தொடங்கும். அந்த ஆள் யாரென்று கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு பேரும் அவர் எங்கோ தெஹிவளைப் பக்கம் குடியிருக்கிறமாதிரியே கதைத்து முடித்து, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்புவார்கள். இந்த நடிப்பைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஆனால் நானும் அதைச் செய்தவன்தான்.

எங்கள் லேனில் அப்படிக் கேட்பதற்கென்று இருந்தவர் என் அக்கா. எங்கள் ஃப்ளாட்டில் நான் இரண்டாம் மாடி, அக்கா மூன்றாம் மாடி. அத்தான் காலமானபிறகு அந்த வீட்டில் அவர் தனியாகத்தான் இருந்தார், ஆனால் அவருடைய கதவு பூட்டிக் கிடந்து நான் பார்த்ததில்லை. யாராவது ஒருவர் தெரிந்த ஒராளைக் காவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார்.

அக்காவிடம் கொப்பியும் இல்லை, போனில் நம்பர்களைச் சேமிக்கும் பழக்கமும் இல்லை. எல்லாம் தலைக்குள்தான். குழாய் திருத்துகிற பைப் பாஸின் நம்பர், மின்சாரக்காரரின் நம்பர், களுபோவிலை ஆஸ்பத்திரியில் எந்தக் கிளினிக் எந்தக் கிழமை, எல்லாம் மடைதிறந்த மாதிரி வரும். "கிளினிக்குக்குப் போறதெண்டால் ஆறு மணிக்கு முந்தி அங்க நிக்கவேணும். இடியப்பம் ரெண்டைக் கட்டிக்கொண்டு போ, பசிச்சால் உனக்குக் கோபம் வரும்" என்பார். சப்பாத்து வாங்க நுகேகொடைக்குத்தான் போகவேண்டும். கொள்ளுப்பிட்டிக் கந்தோர்களில் ஏசி அதிகம், அங்கே வேலை கிடைத்தால் முதலில் ஒரு கம்பளிச் சட்டை எடுக்கவேண்டும். டொக்டர்மாரைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு அளவுகோல்தான் இருந்தது. "உன்ட முகத்தைப் பார்த்துக் கதைக்கிறாரா, ரிப்போட்டைப் பார்த்துக் கதைக்கிறாரா எண்டு கவனி. ரிப்போட்டை மட்டும் பார்த்தால் அடுத்தமுறை வேற ஆளைச் சனல் பண்ணு." சனல் பண்ணுவதென்றால் இங்கே தனியார் ஆஸ்பத்திரியில் டொக்டரைப் பார்க்க முன்கூட்டியே நம்பர் எடுப்பது. அதிலும் ஐந்தாம் நம்பருக்கும் எட்டாம் நம்பருக்கும் இடையில்தான் எடுக்கவேண்டும் என்பது அக்காவின் சட்டம். முதல் ஆட்களிடம் டொக்டர் அவசரப்படுவாராம், கடைசி ஆட்களிடம் களைத்துப்போவாராம்.

இந்தச் சட்டதிட்டமெல்லாம் எனக்குப் பிடிக்காது. நான் லேசில் ஒருத்தரிடமும் எதுவும் கேட்கமாட்டேன். அப்படி இருந்தவனுக்கு ஐம்பத்தைந்து வயதில் சிறுநீர்ப் பிரச்சினை வந்தது. கந்தோரில் ஒரு கூட்டத்தில் அரை மணித்தியாலம் இருக்க முடியவில்லை. மனைவியிடம் சொல்ல வெட்கம், டொக்டரிடம் போகப் பயம். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே ஏறிப்போனேன்.

"எங்கட கந்தோரில ஒராள்..." என்று தொடங்கினேன். அக்கா கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவேயில்லை. அந்த ஆளின் வயது என்ன, தண்ணி குடிக்கிறாரா, எரிவு இருக்கிறதா என்று மூன்று கேள்விதான் கேட்டார். அந்த ஆளுக்காக நானும் மறுமொழி சொன்னேன். அடுத்தநாள் காலையில் கந்தோருக்கு இறங்கும்போது படியில் வைத்து ஒரு துண்டைக் கையில் திணித்தார்.

"அந்த ஆளுக்கு வியாழக்கிழமை ஏழரைக்குச் சனல் பண்ணியிருக்கு. ஆறாம் நம்பர். பேர் கேட்டவங்கள், அந்த ஆளின்ட பேர் எனக்குத் தெரியாது, உன்ட பேரைக் குடுத்திட்டன்."

போனேன், மருந்து எடுத்தேன், சுகமானேன். சில மாதம் கழித்து, "அந்த ஆள் இப்ப எப்பிடி?" என்று ஒருநாள் கேட்டார். "நல்லா இருக்கிறாராம்" என்றேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, அதை மறைக்க அடுப்பைப் பார்க்க எழும்பிப் போனார்.

இரண்டு வருடத்துக்கு முன், அங்கே இருக்கிற தன் மகன் கூப்பிட்டு அக்கா கனடாவுக்குப் போனார். போவதற்கு முந்தி அவர் மிகவும் கோபப்பட்டு நான் பார்த்தது விசாவுக்குப் படம் எடுக்கப்போன அன்றுதான். காலி வீதியில் பஸ் நிற்கிற ஹோல்டுக்கு எதிரே ஒரு ஸ்டூடியோ இருந்தது. எங்கள் குடும்பத்தில் அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் படம் எடுத்தவர்கள் எல்லாரும் அங்கேதான் எடுத்தோம். அக்கா போனபோது அது மூடப்பட்டு, போன் கவர் விற்கிற கடையாக மாறியிருந்தது. "எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் மூடிப்போட்டான்" என்று லேன் முழுக்கக் கேட்கத் திட்டிக்கொண்டு வந்தார். "நீயும் பின்னால வா" என்று விமான நிலையத்தில் சொன்னார். "அந்தக் குளிருக்குள்ள வந்து நான் என்ன செய்ய? செத்தாலும் வரமாட்டன்" என்றேன்.

அவர் போனபிறகு எங்கள் ஃப்ளாட்காரர் வட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினார்கள். ஒரு கேள்வி கேட்டால் பதினைந்து பதில் வரும், பதினைந்தும் ஒன்றுக்கொன்று எதிர். என் குளிர்சாதனப்பெட்டி பழுதானபோது நாலு பேரின் சொல்லைக் கேட்டு நாலு ஆட்களைக் கூப்பிட்டேன். நாலாவது ஆள் மற்ற மூன்று பேரும் செய்ததைக் கழற்றினார். அன்று மூன்றாம் மாடிப் படியைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். அக்கா இல்லாதது எனக்குப் பெரிய குறையாக இருந்தது. இருந்தகாலத்தில் அந்தப் படியில் நான் எத்தனை தரம் ஏறியிருப்பேன்? கூப்பிட்டாலும் வேலை இருக்கிறதென்று சொல்லிவிடுவேன். இப்போது ஏறலாம், மேலே வேறு ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

அக்கா போன் எடுக்கும் நேரம் எங்களுக்குக் காலை ஆறரை. அங்கே அவர் படுக்கப்போகும் நேரம். முதல் வருடம் முழுக்கப் புத்திமதிதான் சொன்னார். போன தைக்குப் பிறகு அது மாறியது. புத்திமதி குறைந்து கேள்வி கூடியது.

"பாமன்கடைச் சந்தியில இருந்து பைப் பாஸின்ட வீடு எந்தப் பக்கம், தம்பி?"

"கனடாவில உங்களுக்கு என்னத்துக்கு அக்கா பைப் பாஸ்?"

"சும்மாதான் கேட்டனான்."

இன்னொரு நாள் கண் டொக்டர் எந்தக் கிழமை வருவார் என்று கேட்டார். பிறகு எங்கள் பழைய வீட்டுக்கு எதிரே இருந்த முஸ்லிம் கடைக்காரரின் மூத்த மகள் எங்கே கலியாணம் செய்தாள் என்று கேட்டார். அக்காவுக்கு வெள்ளவத்தை நினைவு வந்துவிட்டது, பாவம், ஏங்குகிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. என்னைப்போல அவரும் தவிக்கிறார் என்று ஒரு சின்னத்தனமான சந்தோஷம்.

ஒரு காலையில் இப்படிக் கேட்டார்.

"இங்க எனக்குத் தெரிஞ்ச ஒரு மனிசிக்கு இப்ப மறதி வருதாம். அடுப்பில வைச்சதை மறந்திடுறாவாம். கடைக்குப் போனால் திரும்பி வாற பாதை சட்டெண்டு பிடிபடுதில்லையாம். அதுக்கு என்ன செய்யலாம்?"

எனக்குக் கந்தோருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "வயசு போனால் வாறதுதானே அக்கா. வேலைவெட்டி இல்லாமல் இருந்தால் அப்பிடித்தான். டொக்டரிட்ட ஓடாமல் வல்லாரைச் சம்பல் சாப்பிடச் சொல்லுங்கோ."

"ஓம்" என்றார் அக்கா. "சொல்லுறன்."

அக்கா ஒரு மருத்துவ விஷயத்தில் என் சொல்லை மறுக்காமல் கேட்டது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். நான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

மூன்று கிழமை கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் குழுவில் ஒரு செய்தி வந்தது. நாலாம் மாடிக்காரர் எழுதியிருந்தார்: தெரிந்த ஒருவருக்கு நெஞ்சு அடைக்கிறமாதிரி இருக்கிறது, நல்ல இருதய டொக்டர் யார்? வாசித்துவிட்டுச் சிரித்தேன். முந்தினநாள் படியில் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியதை நானே கண்டிருந்தேன். "தெரிஞ்ச ஒருவராம்" என்று மனைவியிடம் சொல்ல வாயைத் திறந்தேன். வாய் திறந்தபடியே இருந்தது. தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டேன்.

கடலை உடைத்துக்கொண்டே, நிமிர்ந்தும் பார்க்காமல், அக்கா என்னை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தார். அக்காவைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று கிழமை எடுத்திருக்கிறது. வல்லாரையாம். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. பாதை பிடிபடாமல் பனிக்குள் நிற்கிற மனிசியிடம் வேலைவெட்டி இல்லாததால்தான் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

அன்று ஆறரை மணி வரும்வரை காத்திருக்காமல் நானே எடுத்தேன். நேரடியாகக் கேட்கத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அக்காவின் குரலைக் கேட்டதும் முடியவில்லை. எனக்குத்தான் என்று தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் எனக்கு நம்பர் எடுத்துத் தந்தவர் அவர்.

"அக்கா, அந்த மனிசி தனியவே டொக்டரிட்டப் போறவ?"

அங்கே கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"தனியத்தான்" என்றார். "மகனுக்கு இன்னும் சொல்லேல்லையாம். அவனுக்கு வேலை."

"மகனுக்குச் சொல்லச் சொல்லுங்கோ. நாளைக்கே சொல்லச் சொல்லுங்கோ. நான் வல்லாரை எண்டு சொன்னதை மறக்கச் சொல்லுங்கோ."

"அதெல்லாம் தானா மறந்திடுவா" என்று அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்னொண்டு அக்கா. இங்க எனக்குத் தெரிஞ்ச ஒராள் கனடாவுக்கு வர யோசிக்கிறார். ஒரு ஆறு மாதம் நிக்க. விசாவுக்கு என்னென்ன வேணும் எண்டு கேட்டவர்."

"அந்த ஆளுக்குக் குளிர் ஒத்துவராதே?"

"பரவாயில்லையாம்."

அக்கா அடுக்கிச் சொல்லத் தொடங்கினார், அது பழைய அக்காவின் குரல். வங்கிக் கடிதம் எடுக்கவேண்டும், கந்தோரில் லீவுக் கடிதம் இங்கிலீஷில் வாங்கவேண்டும், கம்பளிச் சட்டையை நுகேகொடையில் வாங்கவேண்டும், கொள்ளுப்பிட்டியில் வாங்கக்கூடாது. நான் ஒவ்வொன்றுக்கும் ஓம் ஓம் என்றுகொண்டு, கையில் அகப்பட்ட மின்சாரப் பில்லின் பின்பக்கத்தில் எழுதினேன்.

"படத்தைக் கண்ட கண்ட இடத்தில எடுக்கவேண்டாம் எண்டு சொல்லு" என்றார் அக்கா. "பஸ் ஹோல்டுக்கு முன்னால இருக்கிற எங்கட ஸ்டூடியோவுக்குப் போகச் சொல்லு. என்ட பேரைச் சொன்னால் அந்த மனிசன் வடிவா எடுத்துத் தருவார்."

"ஓம் அக்கா" என்றேன். "அங்கயே போகச் சொல்லுறன்."