கன்னத்தில் மச்சமுள்ள ராணி

ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் நான் ஸ்பானர், திருப்புளி விற்கிறேன். என் கடைக்கு எதிரே குடைக்கடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவருக்குச் சந்தையில் நாங்கள் வைத்த பெயர் தராசு. பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். சந்தையில் அவர் எதையும் விற்பதில்லை. வெள்ளிக் காசு வாங்க வருகிறவர்கள் அதை அவரிடம் நீட்டுவார்கள். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், உள்ளங்கையளவு எடை மெஷின், இவ்வளவுதான் அவர் சொத்து. "வேண்டாம்" என்று அவர் சொல்லிவிட்டால் விற்கிறவன்கூட மறுபேச்சு பேசமாட்டான். இதற்கெல்லாம் கூலி கிடையாது. டீ வாங்கிக் கொடுத்தாலே முறைப்பார். அந்த வறட்டுக் கௌரவத்தைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அவர் வாக்கைத்தான் நம்புவேன்.

அப்பேர்ப்பட்டவரும் ஒரு காலத்தில் கத்துக்குட்டிதான். முதன்முதலில் வாங்கியது வெள்ளைக்காரன் காலத்து ராணித்தலை வெள்ளி ரூபாய். அது வெறும் வெள்ளிப் பூச்சோ என்று சந்தேகப்பட்டு, காம்பஸ் முனையால் ராணியின் கன்னத்தில் ஓங்கிக் குத்திப் பார்த்தார். உள்ளேயும் வெள்ளிதான். பாவம், காசு மூளியானதுதான் மிச்சம். "ராணிக்கு மச்சம் வெச்ச மகராசன்" என்று இருபது வருஷமாக அவரை ஓட்டுகிறோம்.

அந்தக் காசு எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். புதிதாக வருகிறவர்களிடம் கொடுத்து, "இதுதான் அசல். தட்டிப் பாத்து இந்தச் சத்தத்துக்குக் காதைப் பழக்கிக்கோங்க. நான் இல்லாதப்பவும் ஏமாறமாட்டீங்க" என்பார்.

போன ஞாயிறு, ஓய்வுபெற்ற ஒரு நர்சம்மா பேத்திகளுக்காக ராணிக் காசு வாங்க வந்தார். புது வியாபாரி ஒருவன் தட்டு நிறைய வைத்திருந்தான். நர்சம்மா ஒன்றை எடுத்துக்கொண்டு தராசிடம் வர, அவனும் தட்டோடு பின்னால் வந்தான். காந்தம் ஒட்டவில்லை. ஆனால் எடை பதினொன்றரை கிராமுக்கு மேல் இருக்கவேண்டியது, பத்துகூட இல்லை.

"வேண்டாம்மா" என்று சொல்லிக்கொண்டே காசைத் திருப்பினார். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ராணியின் கன்னத்தில் மச்சம்.

தட்டை வாங்கி என் சாக்கின் மேல் கவிழ்த்தார். பத்தொன்பது ராணி. பத்தொன்பது கன்னத்திலும் அதே இடத்தில் அதே குத்து.

"யார்கிட்டப்பா வாங்கினே?"

"பல் செட் செய்யுற ஒருத்தர்கிட்ட சார். தராசு எங்க மாமா, அவர் கையால பாத்த காசுன்னு சொன்னார். அதான் நான் சோதிக்கலை."

பல் செட் செய்பவன் அவர் மனைவியின் தம்பி. வாயில் அச்செடுப்பதும் உலோகம் உருக்கி ஊற்றுவதும் அவன் தினசரி வேலை.

"எட்டு மாசம் முன்னாடி, போட்டோ எடுக்கணும்னு என் காசை வாங்கிட்டுப் போனான்" என்றார் தராசு. "மூணு நாள்ல திருப்பிக் குடுத்துட்டான்."

நர்சம்மா மெதுவாக, "குடுத்தது உங்க காசுதானா? எடை போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"என் மச்சினன்மா அவன். அவன் முன்னாடி மெஷினை எடுத்து வெக்க முடியுமா?"

"இப்ப வெச்சுப் பாருங்க."

சட்டைப்பையில் கை போனது, வெளியே வரவில்லை. நான்தான் போய் எடுத்து மெஷினில் வைத்தேன். அதுவும் பத்து கிராம் இல்லை.

எட்டு மாதமாக எத்தனை பேர் அதைத் தட்டிக் காதைப் பழக்கினார்கள்! தராசு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்து, "என் காசு போலி. இதைத் தட்டிப் பாத்துட்டு யாரெல்லாம் வெள்ளி வாங்கினீங்களோ, கொண்டு வாங்க. எடை போட்டுடலாம்" என்றார்.

போன மாதம் அவர் வராத ஞாயிறன்று என் மகளுக்காக நானே ஒரு காசு வாங்கி, கல்லாப் பையிலேயே வைத்திருந்தேன். என் ராணிக்கு மச்சம் இல்லையே என்ற தைரியத்தில் அதை எடுத்து வைத்தேன்.

ஒன்பதரை.

"தட்டிப் பாத்தியாடா?" என்றார் தராசு.

"பாத்தேண்ணே. உங்க காசு மாதிரியே கேட்டுச்சு."