அரைக் கட்டணத்து வயது

தென்காசியில் வீட்டை வைத்துக்கொண்டு குற்றாலத்துக்கு டூர் போன குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். ஸ்கூட்டரை எடுத்தால் கால் மணி நேரம். சீசன் நாட்களில் விடியற்காலையிலேயே துண்டோடு போய், அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, ஈரத்தலையோடு ஒன்பதரைக்குள் ஆபீஸில் உட்கார்ந்துவிடுகிற ஆட்கள் நாங்கள். ஆனால் என் கணவரின் அலுவலக நண்பர் ஒருவர் குற்றாலத்து ரிசார்ட் ஒன்றில் குடும்பத்தோடு தங்கி, நீச்சல்குளம், பஃபே, தென்னங்கீற்றுக் குடை என்று ஸ்டேட்டஸ் போட்டுத் தள்ளிவிட்டார். இவருக்கு அது பொறுக்கவில்லை. அருவி ஓசியில் விழுகிற ஊரில் காசு கொடுத்துத் தொட்டித் தண்ணீரில் குளிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

குடும்பப் பேக்கேஜ் என்று செல்போனில் காட்டினார். பெரியவர்கள் இரண்டு பேர், ஓர் இரவு, மூன்று வேளைச் சாப்பாடு. கீழே பொடி எழுத்தில் பிள்ளைகளுக்கான விதி. ஐந்து வயது முடியாத குழந்தைக்கு இலவசம். பன்னிரண்டு முடியாத பிள்ளைக்குப் பாதிக் கட்டணம். பன்னிரண்டு முடிந்துவிட்டால் பெரிய ஆள்தான். எங்கள் மகளுக்குப் பன்னிரண்டு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மகனுக்கு ஆறு. எங்களை நஷ்டப்படுத்தவே நாள் பார்த்துப் பிறந்த மாதிரி இரண்டு பேரும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள்.

"இதுல என்ன இருக்கு? அவன நாலரை ஆக்கு, இவள பதினொண்ணு ஆக்கு" என்றார், ஃபேனைக் குறைக்கச் சொல்கிற சாதாரணத்தோடு.

நான் ஒரு பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். பிள்ளைகளின் பிறந்த தேதிதான் என் பிழைப்பு. சான்றிதழில் ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி என்று யாராவது வந்து நின்றால், "உங்க பிள்ளை என்னைக்குப் பிறந்துச்சுன்னு உங்களுக்கே தெரியலையா?" என்று கேட்டு மூன்று நடை அலைய விட்டுத்தான் ஓய்வேன். அப்பேர்ப்பட்டவள் அன்றைக்குக் கேட்ட ஒரே கேள்வி இதுதான்: "பதினொண்ணுன்னா நம்புவாவளா? பத்தேமுக்கால்னு சொல்லுவோமா?"

எங்கள் வீட்டில் இது புதிதும் இல்லை. மற்ற பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் வயது கூடும். எங்கள் பிள்ளைகளுக்குத் தேவைக்குத் தக்கபடி கூடும், குறையும். எல்.கே.ஜி. சேர்க்கிற அன்றைக்கு இரண்டு மாதம் மூத்துவிடுவார்கள். திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினதும் இரண்டு வருஷம் குறைந்துவிடுவார்கள். கண்டக்டர் கிட்டே வந்தால் மகன் தானாகவே முழங்காலை மடக்கி என் மடியில் சுருண்டுகொள்வான். அதற்கு அவனுக்கு நாங்கள் தனியாகச் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

மகள் மட்டும் இந்தத் தடவை முரண்டு பிடித்தாள். அவளுக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் அதே ரிசார்ட்டில் வகுப்புத் தோழி ஒருத்தியின் பிறந்தநாள் நடந்தது. அங்கே கம்பியில் தொங்கிக்கொண்டு தோப்புக்கு மேலே பறக்கிற ஜிப்லைன் உண்டு. பன்னிரண்டு முடிந்த பிள்ளைகள் எல்லாம் வரிசையாகப் பறந்தார்கள். இவளைப் பார்த்த ஆள், "பன்னெண்டு முடிச்சிட்டு வா பாப்பா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். கீழே நின்று எல்லோருடைய செருப்புக்கும் காவல் இருந்துவிட்டு வந்தாள். அன்றையிலிருந்து அவளுக்கு அந்தக் கம்பிதான் உயிர். இந்த வருஷப் பிறந்தநாளுக்குக் கேக்கு கூடக் கேட்கவில்லை.

"ரிசப்ஷன்ல மட்டும் பதினொண்ணுன்னு சொல்லிருட்டி. அது ஒரு நிமிஷ வேலை" என்றேன்.

"அப்ப கம்பிக்கிட்ட?"

"அங்கன நீ பன்னெண்டுதான். அங்க யாரு வந்து பாக்கப் போறா?"

அவள் சரி என்றாள். வாசலில் பதினொன்று, தோப்பில் பன்னிரண்டு. எனக்கும் அது மிகச் சரியான ஏற்பாடாகத்தான் பட்டது.

கிளம்புகிற அன்று அவளுக்கு இரட்டைச் சடை போட்டு, தோளில் பிடிக்கிற பழைய பிராக்கை மாட்டிவிட்டேன். மகனை அவன் அப்பா இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டார். அவன் கால் இவர் முழங்காலைத் தொட்டது.

ரிசப்ஷனில் இருந்த இளைஞர் கணவரின் ஆதாரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தென்காசியா சார்? பிள்ளைங்க ஆதார் இருக்கா?"

"வீட்லயே வச்சிட்டு வந்துட்டோம் தம்பி."

"பக்கந்தானே சார், ஒரு எட்டு போய் எடுத்துட்டு வந்திருங்களேன்."

"டூர்னு கிளம்பிட்டா இடையில வீட்டுக்குப் போகக் கூடாதுல்லா" என்றார் என் கணவர். இப்படி ஒரு சாஸ்திரத்தை அவர் அந்த நிமிஷம்தான் உண்டாக்கினார்.

இளைஞர் மகன் பக்கம் திரும்பினார். "தம்பிக்கு எத்தனை வயசு?"

"நாலரை" என்றான் மகன், சுத்தமாக.

"எந்த ஸ்கூல் போறீங்க? எந்த கிளாஸ்?"

"ஃபர்ஸ்ட் பி."

"பய ரொம்பச் சூட்டிகை தம்பி. நேரா ஃபர்ஸ்ட்லயே போட்டுட்டாவ" என்றார் இவர், வியர்வையைத் துடைத்தபடி. மகளிடம் கேட்டபோது அவள் தரையைப் பார்த்துக்கொண்டு "பதினொண்ணு" என்றாள். இளைஞர் வேறு எதுவும் கேட்கவில்லை. எங்கள் கையில் நீலப் பட்டை, மகள் கையில் மஞ்சள் பட்டை ஒட்டினார். காகிதப் பட்டை, கிழித்தால்தான் கழற்ற முடியும். இதெல்லாம் ஏதோ அலங்காரம் என்று நினைத்தேன். மூளை இருந்தால்தானே.

ரிசார்ட்காரர்களும் யோக்கியர்கள் இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை சாப்பாட்டு பில்லில் பெரிய ஆள். ஆழமான குளத்தில் இறங்கப் போனால் குழந்தை, கூட ஆள் வேண்டும். மதிய பஃபேயில் என் மகள் இரண்டு இட்லி அளவு சோறு தின்றாள். அவளுக்குப் பாதிக் கட்டணமே அதிகம். முழுக் கட்டணக்காரரான என் கணவர் பிரியாணிச் சட்டியோடு நடத்திய போரைப் பார்த்தவர்கள் அவருக்குத்தான் இரட்டிப்பாகப் போட்டிருப்பார்கள். இந்த நியாயமெல்லாம் எனக்கு அப்போது வசதியாக இருந்தது. ஏமாற்றுகிறவனுக்கு எதிராளியின் ஓட்டை மட்டும் பளிச்சென்று தெரியும்.

சாப்பிட்ட தட்டைக்கூட வைக்கவில்லை, மகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தோப்பில் சாரல் விட்டிருந்தது. மேடைக்குக் கீழே பத்துப் பேர் வரிசை. எங்களுக்குப் பின்னால் ரிசப்ஷன் இளைஞர், புதிதாக வந்த குடும்பம் ஒன்றுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டு நின்றார். எங்கள் முறை வந்து மேடையேறியதும் மகள் சடையைப் பின்னால் தள்ளிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். பெல்ட்டைக் கையில் எடுத்த ஆள் அவள் மணிக்கட்டைப் பார்த்தார்.

"மஞ்சப் பட்டைக்குக் கிடையாது பாப்பா. பன்னெண்டு முடியணும்."

"முடிஞ்சிட்டுண்ணே. போன வருஷம் நீங்கதான் முடிச்சிட்டு வான்னு சொன்னீங்க."

"அப்ப எதுக்கு மஞ்சப் பட்டை போட்டிருக்க? ஏறணும்ங்கிறதுக்காக இப்படிப் பொய் சொல்லக் கூடாது. விழுந்து கிழுந்து வச்சா யாரு பதில் சொல்லுவா?" என்றவர் என்னைப் பார்த்தார். "எக்கா, நீங்களே சொல்லுங்க. பிள்ளைக்கு என்ன வயசு?"

வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. ரிசப்ஷன் இளைஞரும் பார்த்தார். உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு போதும். மிஞ்சிப் போனால் கொஞ்சம் சிரித்திருப்பார்கள், மீதிக் கட்டணத்தை வாங்கியிருப்பார்கள்.

"பதினொண்ணுதான்" என்றேன்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. பிறகு அந்த ஆளிடம், "ஆமாண்ணே, பொய்தான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினாள்.

"அடுத்த வருஷம் வா, என்ன" என்று அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். பின்னால் நின்ற ஓர் அம்மா தன் மகனிடம், "பாத்தியா, பொய் சொன்னா இப்படித்தான்" என்று பாடம் நடத்தினாள். அவளை அறைய வேண்டும் போலிருந்தது. அறை வாங்க வேண்டியவள் நான்தான் என்பது தெரிந்ததால் நடந்தேன்.

கணவர் குளத்தங்கரையில் சாய்ந்து கிடந்து, தண்ணீரோடு தன் கால் விரல்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். "பறந்தாளா? வீடியோ எடுத்தியா?" என்றார். அவரிடம் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ரிசப்ஷனுக்குப் போனேன். இளைஞர் அதற்குள் திரும்பியிருந்தார். மகளுக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது, மகனுக்கு ஆறு என்று சொன்னேன். முகமெல்லாம் எரிந்தது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மேசை டிராயரைத் திறந்தார்.

"ஜிப்லைனுக்குத்தானே மேடம்? நிறைய பேரு மத்தியானத்துக்கு மேல வந்து மாத்திக்கிடுவாங்க."

நீலப் பட்டையை வாங்கிக்கொண்டு ஓடினேன். மகள், குழந்தைகள் குளத்தின் ஓரத்தில், கணுக்கால் அளவுத் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பட்டையைக் காட்டினேன்.

"முழுசாக் கட்டிட்டேன்ட்டி. எந்திரி, மூடுறதுக்குள்ள போயிருவோம்."

அவள் பட்டையைப் பார்த்தாள். மேடைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"வேண்டாம்மா."

"ஏம்ட்டி? நீ இதுக்குத்தானே வந்த?"

"இப்ப போனா, பொய் சொன்னது நீதான்னு அந்த அண்ணனுக்குத் தெரிஞ்சிரும்லா" என்றாள்.